வீட்டில் கச்சேரிப் பதிவுக்கு எந்த மென்பொருள்?

சுருதிப்பெட்டி:

வணக்கம். திருச்சியில் வீட்டிலேயே பாட்டு வகுப்பு எடுக்கிறேன். மாணவர்கள் சாதகம் செய்ய வர்ணம், கிருதி எல்லாம் பாடிப் பதிவு செய்து அனுப்புவது வழக்கம். இதுவரை ஃபோனிலேயே ஓட்டிவிட்டேன். இப்போது வயலின், மிருதங்கம் சேர்த்து முழுப் பாட்டாகவும் பதிவு செய்ய ஆசை. மிருதங்கம் என் கணவர் வாசிப்பார். வயலினுக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண் வருகிறாள்.

கையில் இருப்பது 8 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் லேப்டாப், இரண்டு மைக் செருகும் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக், ஒரு ஹெட்ஃபோன். இன்டர்ஃபேஸோடு ஒரு மென்பொருளின் சிறிய பதிப்பு இலவசமாக வந்தது. திறந்தால் எங்கே பார்த்தாலும் டெம்போ (வேகம்), லூப் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டு), கட்டம். நான் பாடுவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாதது போல் இருக்கிறது.

ஆடாசிட்டி போதுமா? ரீப்பர், கியூபேஸ், எஃப்.எல். ஸ்டூடியோ என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எல்லாச் செலவும் 15,000 ரூபாய்க்குள் முடிய வேண்டும். உபயோகித்தவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பறவை:

டீச்சர், யோசிக்காமல் எஃப்.எல். ஸ்டூடியோ எடுங்கள். ஒரு தடவை வாங்கினால் ஆயுள் முழுக்க அப்டேட் இலவசம், பல கம்பெனிகள் இப்படிக் கொடுப்பதில்லை. நான் கானா பீட், பறை லூப் எல்லாம் அதில்தான் செய்கிறேன். ஸ்வரங்களைத் திரையில் வரைந்து அடுக்கும் அதன் பியானோ ரோல் மாதிரி வசதி வேறெதிலும் கிடையாது. தமிழில் பாடம் எடுக்கும் வீடியோக்களும் நிறைய இருக்கின்றன, மாட்டிக்கொண்டால் உடனே விடை கிடைக்கும்.

மாடி ஸ்டூடியோ:

தம்பி சொல்லும் அப்டேட் விஷயம் உண்மை. அவர் செய்யும் வேலைக்கு அது முதல்தரமான கருவி என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் டீச்சர் கேட்பது வேறு வேலை. அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

நான் கோவையில் மாடியில் ஒரு அறையை வைத்துக்கொண்டு பதிவு வேலை செய்கிறேன். பாதி நாள் குறும்படத்துக்கு இசை கோர்ப்பவர்கள் வருவார்கள், மீதி நாள் பாட்டு, நாகஸ்வரம், வீணை. இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஒரே மென்பொருள் ஒத்துவராது என்பதைத் தினமும் பார்க்கிறேன்.

எஃப்.எல். ஸ்டூடியோ 1997-இல் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் வந்தபோது அது ஒரு தாள இயந்திரம். வரிசையாகக் கட்டங்கள், எந்தக் கட்டத்தில் அடி விழ வேண்டுமோ அதை அழுத்தினால் போதும். இன்றைக்கு எத்தனையோ வளர்ந்துவிட்டாலும் அதன் மனசு இன்னும் அங்கேதான் இருக்கிறது: முதலில் தாளத்தைக் கட்டு, அதன் மேல் மற்றதை அடுக்கு. ஏபிள்டன் லைவும் வேறு வழியில் அதே இடத்துக்குத்தான் வருகிறது. சின்னச் சின்னத் துண்டுகளை ஒரே டெம்போவில் பூட்டி ஓடவிடும் கருவி அது.

கச்சேரிப் பாட்டு அப்படிப் பிறப்பதில்லை. பல்லவியில் எடுத்த காலப்பிரமாணம் சரணத்துக்கு வரும்போது ஒரு நூலளவு ஏறியிருக்கும். அது பிழை அல்ல, பாட்டு தன் நடையைக் கண்டுபிடிக்கிறது, அவ்வளவுதான். ஆலாபனையில் தாளமே கிடையாது. இதற்கெல்லாம் கட்டம் போட்ட காகிதம் தேவையில்லை, வெறும் நாடா போல் ஓடிக்கொண்டே இருக்கும் கருவிதான் தேவை. டீச்சர் இலவசப் பதிப்பைத் திறந்ததும் அந்நியமாக உணர்ந்ததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

வாங்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்று. எஃப்.எல். ஸ்டூடியோவில் விலை குறைந்த ஃப்ரூட்டி பதிப்பில் குரலைப் பதிவு செய்ய முடியாது. அதற்கு மேலே உள்ள புரொட்யூசர் பதிப்புக்குப் போக வேண்டும். சோதனைப் பதிப்பில் எல்லாம் செய்யலாம், சேமிக்கவும் செய்யலாம், ஆனால் சேமித்ததைத் திரும்பத் திறக்க முடியாது. மாணவர்களுக்கு இது தெரியாமல் மனசொடிந்து போவதைப் பார்த்திருக்கிறேன்.

டீச்சருக்கு என் பரிந்துரை ரீப்பர். காரணங்களைப் பிறகு விவரமாக எழுதுகிறேன், இப்போது ஒரு பதிவுக்கு ஆள் வந்துவிட்டார்.

பென்குவின்:

ஆடாசிட்டியை யாரும் கண்டுகொள்ளாமல் போவதில் எனக்கு வருத்தம் உண்டு. 2000-இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது, மூல நிரல் திறந்து கிடக்கிறது, எந்தப் பழைய கணினியிலும் ஓடும். ஒருவர் மட்டும் பாடிப் பதிவு செய்து, முன்னும் பின்னும் வெட்டி, எம்பி3 ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்ப அதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் எஃபெக்ட் போட்டால் ஒலியே மாறிப் பதிந்துவிடும், திரும்பிப் போக முடியாது என்ற குறை இருந்தது. 2022-இல் வந்த 3.2 பதிப்பிலிருந்து ஓடும்போதே எஃபெக்டைக் கேட்கலாம், பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம்.

கட்டற்ற மென்பொருள் மீது பற்று உள்ளவர்கள் ஆர்டோரையும் பாருங்கள். லினக்ஸில் பல டிராக் (ஒவ்வொரு குரலும் கருவியும் தனித்தனி வரிசை) பதிவுக்கு அது ஒரு முழு ஸ்டூடியோ. நிரலை நாமே தொகுத்தால் இலவசம், தயாராக நிறுவும் வடிவம் வேண்டுமானால் ஒரு சிறு தொகை கேட்பார்கள், கொடுப்பது நியாயமே.

மாணவர்களுக்கு அனுப்பும் பாடத்துக்கு மட்டும் என்றால், டீச்சர், பைசா செலவழிக்காதீர்கள். ஆடாசிட்டி போதும்.

டொராண்டோ வயலின்:

நான் மேக் வைத்திருக்கிறேன், அந்தப் பக்கத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பிறகு இதைப் படிக்க வருகிறவர்களுக்கு உதவும். மேக் வாங்கினால் கராஜ்பேண்ட் இலவசம். நான் பிள்ளைகளுக்கு வயலின் பாடம் பதிந்து கொடுத்த காலம் முழுக்க அதுவே போதுமாக இருந்தது. அடுத்த படி லாஜிக் ப்ரோ, 199.99 அமெரிக்க டாலர், ஒரே முறை. அதை எழுதிய எமேஜிக் கம்பெனியை ஆப்பிள் 2002-இல் வாங்கிய கையோடு விண்டோஸ் பதிப்பை நிறுத்திவிட்டது. ஆகவே விண்டோஸ்காரர்கள் அந்தப் பக்கம் பார்க்க வேண்டியதே இல்லை.

லாஜிக்கில் 2018 முதல் ஸ்மார்ட் டெம்போ என்று ஒன்று உண்டு. நாம் வாசிப்பதைக் கேட்டு அதுவே கட்டங்களை நம் வேகத்துக்கு வளைத்துக்கொள்ளும். ஆதி தாளத்தில் நேராகப் போகும் கீர்த்தனைக்கு ஓரளவு சரியாக வருகிறது. மிஸ்ர சாபு என்ற ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் மிருதங்கம் கோர்வை வைக்கும்போது அது எங்கே சமம் என்று தடுமாறும். நான் 'கீப்' நிலையில் வைத்து, கட்டத்தையே மறைத்துவிட்டு வாசிக்கிறேன்.

சுருதிப்பெட்டி:

எல்லோருக்கும் நன்றி. இத்தனை பேர் இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

ஒரு சந்தேகம். எங்கள் ஊரில் ஒலிப்பதிவு செய்யும் ஒருவர், "ப்ரோ டூல்ஸில் பதிந்தால்தான் சத்தம் நன்றாக வரும், மற்றதெல்லாம் பொம்மை" என்றார். அப்படியா? அதற்கு மாதச் சந்தா என்கிறார்கள், எனக்குக் கட்டுப்படியாகாது.

நாடாக்காலம்:

அம்மா, நான் நாடாவில் ஒலிப்பதிவு தொடங்கியவன். இரண்டு அங்குல நாடாவில் 24 டிராக், விநாடிக்கு 30 அங்குல வேகம், 2,500 அடிச் சுருள் போட்டால் 16 நிமிடத்துக்குச் சற்று மேல் வரும். ஒரு ராகம் தானம் பல்லவிக்குச் சுருள் மாற்ற வேண்டும். அந்தக் காலத்தில் எந்த இயந்திரத்தில் பதிந்தோம் என்பது காதிலேயே தெரியும், ஏனென்றால் நாடாவும் தலையும் மின்சுற்றும் ஒலியில் கை வைத்தன. அந்த நம்பிக்கைதான் இன்னும் நம் துறையில் மென்பொருளின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

மென்பொருளில் நடப்பது வேறு. மைக்கிலிருந்து வரும் மின்சாரத்தை எண்ணாக மாற்றுவது உங்கள் இன்டர்ஃபேஸ். அந்த எண்களை வாங்கி வட்டில் எழுதி வைப்பது மட்டுமே மென்பொருளின் வேலை. ப்ரோ டூல்ஸ் எழுதினாலும் ஆடாசிட்டி எழுதினாலும் அதே எண்கள்தான்.

நம்பிக்கை வராவிட்டால் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரே வேவ் கோப்பை இரண்டு மென்பொருளில் ஏற்றி, எஃபெக்ட் எதுவும் இல்லாமல், அளவை மாற்றாமல், இரண்டிலிருந்தும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பிறகு அந்த இரண்டு கோப்புகளையும் ஒரே இடத்தில் அடுத்தடுத்த டிராக்கில் வைத்து, ஒன்றை மட்டும் தலைகீழாக்கி ஓடவிடுங்கள். நிசப்தம்தான் வரும். ஒன்றையொன்று முழுசாகக் கழித்துவிட்டன என்றால் இரண்டும் ஒன்றே. டிராக்குகளை இடம் வலம் நகர்த்தும்போது மட்டும் வித்தியாசம் வரலாம். நடுவில் நிற்கும் ஒலியை எவ்வளவு குறைப்பது என்பதில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனி வழக்கம். அது அளவு வித்தியாசம், தர வித்தியாசம் அல்ல.

ப்ரோ டூல்ஸுக்குப் பெயர் வந்ததற்கு வேறு நியாயமான காரணம் உண்டு. 1991-இல் அது வந்தபோது தனி வன்பொருள் அட்டைகளோடு வந்தது, அன்றைய கணினியால் தனியாகச் சுமக்க முடியாத வேலையை அந்த அட்டைகள் சுமந்தன. பெரிய ஸ்டூடியோக்கள் அதன் மேலேயே தங்கள் வேலை முறையைக் கட்டிக்கொண்டன. ஒரு ஸ்டூடியோவில் பதிந்த திரைப்படப் பாட்டை இன்னொரு ஸ்டூடியோவில் திறக்க வேண்டியவர்களுக்கு இன்றும் அது அவசியம். வீட்டில் பதிந்து வீட்டிலேயே முடிப்பவருக்கு அந்த அவசியம் இல்லை. பழகிப் பார்க்க வேண்டுமானால் ப்ரோ டூல்ஸ் இன்ட்ரோ என்ற இலவசப் பதிப்பில் 8 ஆடியோ டிராக் கிடைக்கும்.

சத்தம் நன்றாக வர வேண்டுமா? சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். ஜன்னலுக்குக் கனத்த திரை போடுங்கள். பாடும் இடத்துக்குப் பின்னால் துணி அடுக்கிய அலமாரியோ மெத்தையோ இருக்கட்டும். பதியும் நேரத்தில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பல வீடுகளில் இரைச்சல் அந்த இடத்திலேயே பாதி போய்விடும்.

மாடி ஸ்டூடியோ:

பெரியவர் சொன்னதற்கு மேல் சத்தம் பற்றிச் சேர்க்க எதுவும் இல்லை. நான் விட்ட இடத்துக்கு வருகிறேன்.

மென்பொருளைவிட முதலில் முடிவு செய்ய வேண்டியது, மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து பதியப் போகிறீர்களா, ஒருவர் பின் ஒருவராகவா என்பது. இன்டர்ஃபேஸில் இரண்டு வழிதான் இருக்கிறது. பாட்டு, வயலின், மிருதங்கத்தின் வலந்தலை (வலப்பக்கம்), தொப்பி (இடப்பக்கம்) என்று பிரித்தால் நான்கு வேண்டும். இன்னொரு இன்டர்ஃபேஸ் வாங்கி இரண்டையும் சேர்த்துச் செருகலாம் என்று நினைக்காதீர்கள். விண்டோஸில் ஏசியோ டிரைவர் (இன்டர்ஃபேஸோடு மென்பொருள் நேராகப் பேசும் வழி) வழியாக ஒரு நேரத்தில் ஒரு கருவியைத்தான் மென்பொருள் பிடித்துக்கொள்ளும்.

ஒருவர் பின் ஒருவராகப் பதிந்தால் ஒலி சுத்தமாக இருக்கும், ஆனால் கல்பனாஸ்வரம் (அந்த நேரத்தில் கற்பனையாகப் பாடும் ஸ்வரங்கள்) செத்துவிடும். நீங்கள் பாடிய சுற்றுக்கு வயலின் பதில் சொல்ல வேண்டும், மிருதங்கம் உங்கள் மூச்சைப் பார்த்துத் தீர்மானம் வைக்க வேண்டும். ஹெட்ஃபோனில் முன்பே பதிந்து முடிந்த குரலைக் கேட்டு வாசிப்பவரால் பின்தொடரத்தான் முடியும். வர்ணம், கீதம், பக்திப் பாடல் போன்றவற்றுக்கு அடுக்கிப் பதிவது சரி. மனோதர்மம் வரும் இடத்துக்கு ஒன்றாக உட்காருங்கள்.

இருக்கும் இரண்டு வழியிலேயே ஒன்றாகப் பதிய முடியும். உங்களிடம் உள்ள மைக்கைப் போலவே இன்னொன்று வாங்குங்கள். இரண்டையும் ஒரே ஸ்டாண்டில் 17 செ.மீ. இடைவெளியில், 110 பாகை விரித்து, மூவருக்கும் முன்னால் ஒன்றரை இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். பிரெஞ்சு வானொலிக்காரர்கள் உருவாக்கிய முறை இது, கேட்பவருக்கு முன்வரிசையில் உட்கார்ந்த உணர்வு வரும். பிறகு மிக்ஸில் யாரையும் தனியாக ஏற்றி இறக்க முடியாது, ஆகவே யார் எவ்வளவு தூரத்தில் உட்கார வேண்டும் என்பதைப் பதியும் முன்பே நகர்த்தி நகர்த்திக் கேட்டுச் சரி செய்துவிடுங்கள். மிருதங்கம்தான் பின்னால் போக வேண்டியிருக்கும்.

பட்ஜெட்டில் பெரிய பங்கு அந்த இரண்டாவது மைக்குக்கும் ஸ்டாண்டுக்கும் போகட்டும். ரீப்பரின் தனிநபர் உரிமம் 60 டாலர், இன்றைய மாற்று விலையில் 5,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. அதற்கு முன் 60 நாள் எல்லா வசதியோடும் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம், பூட்டு எதுவும் கிடையாது. வாங்கினால் இப்போதைய பெரிய பதிப்பு முடிந்து அடுத்த பெரிய பதிப்பு முடியும் வரை செல்லும். 8 ஜிபி ரேமில் தாராளமாக ஓடும், நிறுவும் கோப்பே மிகச் சிறியது. விண்ஆம்ப் எழுதியவர்தான் இதையும் எழுதினார், கணினியைக் கனக்க விடாத அந்தக் கை இதிலும் தெரிகிறது.

நீங்கள் பயந்த கட்டங்களை நிறுத்திவிடலாம். மேலே காந்தம் போன்ற ஸ்னாப் பொத்தானை அணைத்துவிட்டு, புராஜெக்ட் செட்டிங்ஸில் டைம்பேஸ் என்ற இடத்தில் 'டைம்' என்று மாற்றுங்கள். அளவுகோலையும் நிமிடம், விநாடியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த டைம்பேஸ் 'பீட்ஸ்' என்று இருந்தால், பிறகு எப்போதாவது கை தவறி டெம்போ எண்ணை மாற்றும்போது வெட்டி வைத்த துண்டுகள் எல்லாம் இடம் நகரும்.

மாணவர்களுக்கும் ஒரு நல்ல வசதி இருக்கிறது. ஓடும் வேகத்தைக் குறைத்தாலும் சுருதி மாறாமல் வைக்கும் பொத்தான் உண்டு. அதை அழுத்திவிட்டு முக்கால் வேகத்தில் வைத்தால், இரண்டாம் காலத்தில் பாடிய வர்ணத்தை நிதானமாகக் கேட்டுப் பழகலாம். அந்த வேகத்திலேயே எக்ஸ்போர்ட் செய்து அனுப்பவும் முடியும்.

பென்குவின்:

அண்ணன் சொன்ன நான்கு வழி விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன், நியாயத்துக்காக. பின்னால் நான்கு மைக் இன்டர்ஃபேஸ் வாங்கினால் விண்டோஸில் ஆடாசிட்டியை நம்பி இறங்க வேண்டாம். உரிமச் சிக்கலால் நீண்ட காலமாக ஏசியோ இல்லாமலேயே அது விநியோகிக்கப்பட்டு வந்தது, இரண்டு சேனலுக்கு மேல் பதிவதில் தொல்லை அதிகம். தனிக் குரலுக்கு அது, கூட்டுப் பதிவுக்கு ரீப்பர் என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாமே. ஒன்றை வைத்தால் இன்னொன்றை விரட்ட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

சுருதிப்பெட்டி:

இரண்டாவது மைக் யோசனை மனசுக்குப் பிடித்திருக்கிறது. மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து பாடுவதுதான் எங்களுக்கும் சந்தோஷம்.

இரண்டு கேள்வி. தம்பூராவை என்ன செய்வது? ஆப்பில் போட்டு ஸ்பீக்கரில் ஓடவிட்டுத்தான் பாடுவோம். அடுத்து, தனியாகப் பாடி ஹெட்ஃபோனில் கேட்கும்போது என் குரல் ஒரு நொடி பின்னால் வருவது போல் கேட்கிறது. லேப்டாப் போதாதா?

மாடி ஸ்டூடியோ:

லேப்டாப் போதும். குரல் மைக்கில் நுழைந்து, கணினிக்குள் போய், மென்பொருளைச் சுற்றிவிட்டு ஹெட்ஃபோனுக்கு வருகிறது, அந்தச் சுற்றுதான் தாமதம். பஃபர் (கணினி ஒரு தடவையில் சேர்த்து வாங்கும் ஒலி மாதிரிகள்) 256 என்றால் 48,000 மாதிரி விகிதத்தில் ஒரு வழிக்கே 5 மில்லி விநாடிக்கு மேல், போக வரச் சேர்த்தால் இரட்டிப்புக்கும் மேலே. ஏசியோ டிரைவரை நிறுவாமல் விண்டோஸின் சாதாரண வழியில் ஓட்டினால் இதுவே பல மடங்காகிவிடும், உங்களுக்கு நடப்பது அநேகமாக அதுதான். இன்டர்ஃபேஸ் தயாரித்தவர்களின் தளத்திலிருந்து டிரைவரை இறக்கி நிறுவுங்கள்.

அப்புறம் இன்டர்ஃபேஸின் முகப்பில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பொத்தானோ திருகோ இருக்கும். அதைப் போட்டால் உங்கள் குரல் கணினிக்குப் போகாமலே நேராகக் காதுக்கு வரும். மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு குரல் கேட்கும். இதற்குப் பிறகு பஃபர் எவ்வளவு இருந்தாலும் பாடுவதற்குத் தொந்தரவு இல்லை.

தம்பூராவை ஸ்பீக்கரில் விடாதீர்கள். அது எல்லா மைக்கிலும் ஏறிவிட்டால் பிறகு ஓர் இடத்தை வெட்டி ஒட்டும்போது பா, ஸா என்று போகும் மீட்டின் வரிசை உடைந்து, வெட்டிய இடம் காதில் உறுத்தும். மூன்று பேருக்கும் ஹெட்ஃபோனில் கொடுங்கள். சின்ன ஹெட்ஃபோன் ஆம்ப் ஒன்று வேண்டியிருக்கும், அல்லது பிரித்துத் தரும் கம்பி. ஆப்பை ரீப்பரில் தனி டிராக்கில் பத்து நிமிடம் பதிந்து வைத்துக்கொண்டு, அதை ஓடவிட்டே பாடினால் கடைசி மிக்ஸில் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு சேர்க்கலாம். ஐந்தரைக் கட்டையா ஆறா, ஆப்பில் நுண்சுருதி எங்கே இருந்தது என்பதையும் புராஜெக்ட் குறிப்பில் எழுதி வையுங்கள். அடுத்த வாரம் சரணத்தை மட்டும் மீண்டும் பாட நேர்ந்தால் அந்தக் குறிப்பு காப்பாற்றும்.

இரவுப்பறவை:

சுருதி தப்பினால் ஆட்டோட்யூன் போட்டுவிடலாம்தானே அண்ணா? ரீப்பரிலேயே ரீட்யூன் இருக்கிறது, தனியாக வாங்கக்கூட வேண்டாம். இன்று எல்லாப் பாட்டிலும் போடுகிறார்கள்.

டொராண்டோ வயலின்:

தம்பி, சினிமா மெட்டுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். கர்நாடக இசையில் ராகத்தையே அழித்துவிடும். தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓரிடத்தில் நிற்பதே இல்லை, ரிஷபத்தின் பக்கத்திலிருந்து மத்யமத்தின் பக்கம் வரை அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவுதான் காந்தாரம். தானாகத் திருத்தும் கருவி அந்த அசைவைப் பிழை என்று எண்ணி, அருகில் உள்ள நேர் ஸ்வரத்தில் இழுத்துக் கட்டும். மிஞ்சுவது தோடியாக இருக்காது.

உண்மையிலேயே ஒரு நீண்ட கார்வை (நிறுத்திப் பிடிக்கும் ஸ்வரம்) மட்டும் கொஞ்சம் இறங்கிவிட்டது என்றால் மெலடைன் போன்ற கையால் திருத்தும் கருவி பொருத்தம். அதில் ஸ்வரத்தின் நடுமையத்தை மட்டும் நகர்த்தலாம், அசைவின் அளவைத் தொடாமல் விடலாம். அதுவும் ஒன்றிரண்டு இடத்துக்குத்தான். மூன்று பேரை இரண்டு மைக்கில் ஒன்றாகப் பதிந்தால் இதற்கு வழியே இல்லை, குரலைத் திருத்தினால் வயலினும் சேர்ந்து நகரும்.

என் கருத்து, அந்த வரியைத் திரும்பப் பாடிவிடுவதே மேல். ரீப்பர் 7-இல் ஒரே டிராக்குக்குள் பல எடுப்புகளை அடுக்கி வைத்து, எந்த எடுப்பில் எந்தத் துண்டு நன்றாக இருக்கிறதோ அதன் மேல் இழுத்தால் அதுவே சேர்ந்துகொள்ளும்.

மாடி ஸ்டூடியோ:

ஆமோதிக்கிறேன். தாளமும் அப்படித்தான். குவான்டைஸ் என்று ஒரு பொத்தான் எல்லாவற்றிலும் உண்டு, அடிகளைக் கட்டத்துக்கு இழுத்துவிடும். மிருதங்கத்தின் மேல் அதை அழுத்தாதீர்கள்.

நாடாக்காலம்:

யாரும் இன்னும் தொடாத ஒரு விஷயம் இருக்கிறது. நீங்கள் இன்று பதியும் பாட்டை உங்கள் பேத்தி திறக்க முடியுமா?

கேக்வாக் என்ற மென்பொருள் 1987-இல் டாஸ் காலத்தில் தொடங்கியது. முப்பது வருடம் ஓடியது. அதை வாங்கியிருந்த கிப்சன் 2017 நவம்பரில் அதன் உருவாக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டே சிங்கப்பூரின் பேண்ட்லேப் அதை வாங்கி இலவசமாகக் கொடுத்ததால் அதன் பயனர்கள் தப்பினார்கள். எல்லா மென்பொருளுக்கும் அப்படி ஒரு பேண்ட்லேப் வரும் என்று சொல்ல முடியாது. சந்தாவில் ஓடுவதில் இன்னொரு கவலை, பணம் கட்டுவதை நிறுத்தினால் சொந்தப் பாட்டையே திறக்க முடியாமல் போகலாம்.

ரீப்பரின் புராஜெக்ட் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறந்து படிக்கலாம். ஆர்டோரும் எழுத்து வடிவிலேயே சேமிக்கிறது. ஆடாசிட்டி 2021 முதல் எல்லாவற்றையும் ஒரே கோப்புக்குள் வைக்கிறது, அதுவும் பரவலாகத் தெரிந்த தரவுத்தள வடிவம்தான். இவற்றை எனக்குப் பிடிப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இருந்தாலும் எந்த மென்பொருளையும் நம்பாதீர்கள். ஒரு பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு டிராக்கையும் பூஜ்ய நொடியிலிருந்து கடைசி வரை தனித்தனி வேவ் கோப்பாக, 24 பிட்டில், எடுத்து வையுங்கள். எல்லாம் ஒரே இடத்தில் தொடங்குவதால் ஐம்பது வருடம் கழித்து எந்தக் கருவியில் போட்டாலும் தானாகவே பொருந்தும். இடமும் பெரிதாகப் பிடிக்காது. 48,000 விகிதத்தில் ஒரு டிராக்குக்கு நிமிடத்துக்கு 9 எம்பிக்குள், நான்கு டிராக் ஒரு மணி நேரம் பதிந்தாலும் சுமார் 2 ஜிபி. இரண்டு தனித்தனி வட்டுகளில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். எத்தனையோ வித்வான்களின் வாசிப்பு கரையான் தின்ற நாடாவோடு போய்விட்டது. அதைப் பார்த்தவன் என்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

சுருதிப்பெட்டி:

ஐயா, நீங்கள் சொன்னதைப் படித்ததும் என் குருவின் பழைய கேசட்டுகளையும் கணினிக்கு ஏற்றிவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. அதற்குத் தனியாகக் கேட்கிறேன்.

ரீப்பர் நிறுவினேன். ஸ்னாப், டைம்பேஸ் இரண்டையும் சொன்னபடி மாற்றியதும் திரை அமைதியாகிவிட்டது. ஏசியோ டிரைவர் போட்டதும் தாமதமும் போய்விட்டது. அதே மைக் இன்னொன்று வாங்கிவிட்டேன். பழகுவதற்காக நேற்று என் கணவர் மிருதங்கத்தை மட்டும் பதிந்தோம், வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று. தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் அருமை. சேர்த்து ஃபோனில் கேட்டால் தொம் (தொப்பியின் தாழ்ந்த ஒலி) காணாமல் போகிறது, தகரத்தில் தட்டுவது போல் வருகிறது. மென்பொருளில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

மாடி ஸ்டூடியோ:

ஒரே ஒரு பொத்தான்தான் டீச்சர். தொப்பியை அடிக்கும்போது அந்தத் தோல் உள்ளே அமுங்குகிறது, உள்ளிருக்கும் காற்று வலந்தலைத் தோலை வெளியே தள்ளுகிறது. ஒரு மைக் தன்னை விட்டு விலகும் தோலைக் கேட்கிறது, எதிர்ப்பக்க மைக் தன்னை நோக்கி வரும் தோலைக் கேட்கிறது. ஆகவே இரண்டிலும் அலை எதிரெதிராக எழுதப்படுகிறது. ஃபோனின் ஸ்பீக்கரில் இரண்டும் ஒன்றாகச் சேரும்போது தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. பெரியவர் சொன்ன நிசப்தச் சோதனையில் நடப்பதும் இதுதான், இங்கே பாதியளவு நடக்கிறது.

ரீப்பரில் தொப்பி டிராக்கின் பக்கத்தில் குறுக்குக் கோடு போட்ட வட்டம் ஒன்று இருக்கும். அதை அழுத்துங்கள். அலை தலைகீழாகும், தொம் திரும்ப வந்துவிடும். எது சரி என்று சந்தேகம் வந்தால் மாஸ்டரை (எல்லா டிராக்கும் சேரும் இடம்) மோனோவில் வைத்து, அழுத்தியும் அழுத்தாமலும் கேளுங்கள், கனமாக ஒலிப்பதை வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகும் கொஞ்சம் மெலிந்து கேட்டால் இரண்டு மைக்கும் தோலிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். ஒரு சாண் தூரத்தில் தொடங்கலாம். வலந்தலை மைக்கை நேர் நடுவில் குறி வைக்காமல் சோற்றுக்கும் (நடுவில் உள்ள கரும்பூச்சு) மீட்டுக்கும் (ஓரத் தோல் வளையம்) இடையில் சாய்த்து வைத்தால் சாப்பு தெளிவாக வரும்.

சுருதிப்பெட்டி:

வட்டத்தை அழுத்தியதும் வந்துவிட்டது! என் கணவர் தொப்பியின் கும்கி ஒலியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வயலின்காரப் பெண் வருகிறாள், இரண்டு மைக்கையும் 17 செ.மீ. வைத்து மூவரும் உட்காரப் போகிறோம். மிருதங்கத்தை எவ்வளவு பின்னால் தள்ளுவது என்று தொடங்குவதற்கு ஓர் அளவு சொல்ல முடியுமா?

மாடி ஸ்டூடியோ:

உங்களுக்குப் பின்னால் முக்கால் மீட்டரில் தொடங்குங்கள். பல்லவி ஒரு சுற்று பதிந்து, ஃபோனில் கேட்டு, சாகித்தியம் ஒவ்வொரு எழுத்தும் புரிகிறதா என்று பாருங்கள். புரியாவிட்டால் இன்னும் ஒரு சாண் பின்னால். வயலினை உங்களுக்கு அருகிலேயே வைக்கலாம், மைக்கை நோக்கி முழுசாகத் திரும்ப வேண்டாம்.